கையெழுத்துப் போடும் முன் பெட்டியைப் பாருங்கள்

மின்சார ஆபத்து என்றதும் நம் கண்முன் வருவது தீப்பொறி, கருகிய கம்பி, மண்டையோடு வரைந்த 'பாஹாயா' பலகை. மின்சாரம் பாயும்போதுதான் ஆபத்து, பாயாதபோது அது வெறும் இரும்புப் பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. ஓர் உயர் மின்னழுத்தச் சாதனம் இருபது முப்பது வருடம் ஒழுங்காக உழைக்குமா, அல்லது ஒரு நாள் வெடித்து எதிரே நிற்பவரின் முகத்தைக் கருக்குமா என்பது பல நேரங்களில் அது லோரியிலிருந்து இறங்கும் அந்த ஒரு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அப்போது அதில் ஒரு வோல்ட் மின்சாரம்கூட இருக்காது.

அந்த ஒரு மணி நேரத்தை நாம் யாரிடம் ஒப்படைக்கிறோம்? பெரும்பாலும் ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவரிடம். டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போட்டு, கம்பெனி சாப் அடித்து, லோரியை அனுப்பி வைப்பதுதான் அவர் வேலை. பெட்டியைத் திறந்து பார்க்க அவருக்குப் பயிற்சி இல்லை. 'இதை வாங்க மாட்டேன்' என்று சொல்ல அதிகாரமும் இல்லை. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்குப் படிவம் 4, படிவம் 5 இயற்பியல் பாடமே எனக்குப் போதும்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடுவோம். சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப்பட்டாணி என்று நீங்கள் எங்கே இருந்தாலும், உங்கள் தாமானின் ஓரத்தில் கம்பி வேலிக்குள் ஒரு சிறிய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் துணைமின் நிலையம். மலாயில் பென்சாவாங் என்பார்கள். மின் நிலையங்களிலிருந்து 500, 275, 132 கிலோவோல்ட்டில் ஊர் ஊராக வரும் மின்சாரம் படிப்படியாகக் குறைந்து, இந்தச் சிறிய கட்டடத்துக்குள் 11 கிலோவோல்ட், அதாவது 11,000 வோல்ட்டில் நுழைகிறது. மின்மாற்றி அதை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. அந்த மின்மாற்றிக்கு முன்னால் நிற்கும் உலோகப் பெட்டியைச் சுவிட்ச்கியர் என்கிறோம். வேண்டியபோது மின்சாரத்தைச் சேர்ப்பதும், கோளாறு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பதும் அதன் வேலை.

வீட்டுச் சுவிட்சும் அதைத்தான் செய்கிறது, ஆனால் அங்கே 230 வோல்ட்தான். 11,000 வோல்ட்டில் இரண்டு உலோக முனைகளைப் பிரித்தால் மின்சாரம் உடனே நின்றுவிடாது. இடையில் உள்ள காற்றையே கடத்தியாக்கிக்கொண்டு வில்போல எரியும். இதை மின்வில் என்கிறோம். பெரிய கோளாற்றில் வரும் மின்வில், சுமார் 5,500 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சூரியனின் மேற்பரப்பைவிடவும் சூடாக இருக்கும். அதனால் இந்த முனைகளைக் காற்றில் விடாமல், ஒன்று வெற்றிடக் குப்பிக்குள் அடைக்கிறார்கள், அல்லது சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்ற வாயு நிறைந்த தொட்டிக்குள் மூடுகிறார்கள். வெற்றிடம் கெட்டாலோ வாயு கசிந்தாலோ அந்தச் சுவிட்சுக்கு மின்வில்லை அணைக்கும் வலிமை போய்விடும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

இவ்வளவு நுட்பமான பொருள்கள் நம் ஊரில் முளைப்பதில்லை. பீடோங்கைத் தாண்டி வடக்கே போனால் வரும் குரூணில், தெனாகா நேஷனலின் மாற்றி நிலையம் இருக்கிறது. தாய்லாந்தின் குளோங் ஙே நிலையத்தோடு சுமார் 110 கிலோமீட்டர் மின்தடத்தால் அது இணைந்திருக்கிறது. 300 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம், 300 மெகாவாட் வரை திறன். இரண்டு நாட்டு மின்கட்டங்களும் ஒரே தாளத்தில் துடிக்க வேண்டிய கட்டாயமில்லாமல் இருக்கத்தான் இடையில் நேர்மின்னோட்டம். அந்த வளாகத்தில் நிற்கும் சாதனங்களும், கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காத் தொழிற்சாலைகளின் சுவிட்ச் அறைகளில் இருப்பவையும், உங்கள் தாமான் பென்சாவாங்கில் இருப்பதும் ஏதோ ஒரு நாள் ஒரு லோரியின் முதுகில் வந்தவைதாம். யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கியவைதாம்.

ஒரே இடத்தில் நடக்கும் கோளாறு எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1996 ஆகஸ்டு 3-ஆம் தேதி திரெங்கானுவின் பாக்கா பகுதியில் தொடங்கிய தடங்கல், தீபகற்பம் முழுவதையும் பல மணி நேரம் இருளில் தள்ளியது. 2022 ஜூலை 27-இல் ஜொகூரின் யோங் பெங் உத்தாரா துணைமின் நிலையத்தில் சாதனம் பழுதானபோது தீபகற்பத்தின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. இவை லோரியிலிருந்து இறக்கும்போது ஏற்பட்ட பழுதுகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பெட்டிக்குள் கோளாறு நடந்தால் அது அந்தப் பெட்டியோடு நிற்காது என்பதற்காகவே சொல்கிறேன்.

இப்போது லோரிக்கு வருவோம். ஒரு மரப்பெட்டி. உள்ளே சுமார் இரண்டு மீட்டர் உயரமுள்ள 11 கிலோவோல்ட் சுவிட்ச் அலமாரி. எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க்லிஃப்ட் அதைத் தரையில் வைக்கும்போது கடைசி 10 சென்டிமீட்டரில் 'டொம்' என்று விழுந்துவிடுகிறது. ஓட்டுநர் சிரிக்கிறார், நாமும் சிரிக்கிறோம். பத்து சென்டிமீட்டர்தானே!

கணக்குப் போடுங்கள். விழுந்த உயரம் 100 மில்லிமீட்டர். சிமெண்டுத் தரையில் இரும்பு அடிப்பாகம் 2 மில்லிமீட்டர் நசுங்குவதற்குள் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். 100-ஐ 2-ஆல் வகுத்தால் 50. அந்தக் கணத்தில் பெட்டி சந்தித்த எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சராசரியாக 50 மடங்கு. உள்ளே இருக்கும் ஒரு கிலோ எடையுள்ள பாகம், ஒரு கணம் 50 கிலோபோல் தன் திருகாணிகளை இழுத்திருக்கும். அடியில் மரப்பலகை இருந்து, அது 20 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்திருந்தால் 5 மடங்குதான். கணத்தாக்கு விசை பற்றிய பாடத்தில் முட்டையை மெத்தையில் போடுவதும் கல்லில் போடுவதும் வரும் அல்லவா, அதே கதைதான். அனுப்பும் நிறுவனம் மரச்சட்டமும் நுரைப்பஞ்சும் வைத்துக் கட்டுவது அழகுக்காக இல்லை. இடத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று மரப்பெட்டியை முதலிலேயே உடைத்துவிட்டு, அலமாரியை மட்டும் அங்கும் இங்கும் நகர்த்துகிறவர்கள் அந்த மெத்தையைத்தான் எறிகிறார்கள்.

இந்த 50 மடங்கு உதறலில் என்ன ஆகும்? அலமாரிக்கு வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே இருக்கும் பீங்கான் அல்லது எப்பாக்ஸி மின்காப்பியில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்திருக்கலாம். வெற்றிடக் குப்பியின் இணைப்பு ஒன்று நெகிழ்ந்திருக்கலாம். ஒரு மரை கழன்று அடியில் கிடக்கலாம். இதையெல்லாம் கண் கண்டுபிடிக்காது என்பதால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் பெட்டியின் மேல் அதிர்வு காட்டும் சிறிய வில்லை ஒன்றை ஒட்டி அனுப்புகிறார்கள். குறிப்பிட்ட அளவைத் தாண்டி அடிபட்டால் அதிலுள்ள குழாய் சிவப்பாக மாறிவிடும், திரும்ப வெள்ளையாகாது. பெட்டி சாய்ந்தால் காட்டிக்கொடுக்கும் வில்லையும் உண்டு. மிகப் பெரிய சாதனங்களுக்கு எந்த நாள், எந்த நேரத்தில், எவ்வளவு அடி என்று பதிவு செய்யும் கருவியே கூட வரும்.

சிவப்பைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும்? லோரி நகர்வதற்கு முன் படம் எடுக்க வேண்டும். வில்லையை மட்டும் எடுத்தால் போதாது. பெட்டி லோரியில் நிற்கும் நிலையில், லோரியின் எண் தெரிய எடுக்க வேண்டும். பிறகு டெலிவரி ஆர்டரில், கையெழுத்துக்கு மேலே, கண்டதை அப்படியே எழுத வேண்டும். 'பெட்டி எண் 3, இடப்பக்க அதிர்வு வில்லை சிவப்பு, மேல்மூலை உடைந்துள்ளது' என்று. 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று அச்சடித்திருக்கும் வரியை அடித்துவிட வேண்டும். ஓட்டுநரிடமும் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பொருள் நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று நாமே சாட்சி சொன்னதாகிவிடும். பிறகு காப்புறுதி நிறுவனத்திடமோ ஏற்றுமதியாளரிடமோ போய் நின்றால், 'உங்கள் ஸ்டோரில் விழுந்ததோ என்னவோ' என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இறக்கும் முறையிலும் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. கிரேனின் கொக்கியிலிருந்து இரண்டு பட்டைகள் அலமாரியின் இரு மேல்மூலைகளுக்குப் போகின்றன. 800 கிலோவை இரண்டு பட்டைகள் பங்கிட்டால் ஆளுக்கு 400 கிலோ என்று தோன்றும். பட்டைகள் செங்குத்தாக இருந்தால்தான் அது சரி. கிடைமட்டத்தோடு 60 பாகை கோணத்தில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 462 கிலோவுக்குச் சமமான இழுவிசை. 45 பாகையில் 566. பட்டை குட்டையாக இருக்கிறது, பரவாயில்லை என்று 30 பாகையில் கட்டினால் ஒவ்வொரு பட்டையும் 800 கிலோவைத் தாங்குகிறது. இரண்டு பட்டை போட்டும் பயனில்லை, ஒவ்வொன்றும் முழு எடையைச் சுமக்கிறது. நம்பாதவர்கள் விசைகளின் இணைகரம் வரைந்து பாருங்கள்.

பட்டை அறுவது ஒரு ஆபத்து. அறாமல் இருந்தாலும் இன்னொன்று நடக்கிறது. அதே 30 பாகையில் இரண்டு பட்டைகளும் அலமாரியின் மேல்மூலைகளை உள்நோக்கி, ஒவ்வொன்றும் சுமார் 690 கிலோ அளவு விசையோடு நெருக்குகின்றன. தகட்டால் ஆன சட்டம் லேசாக நெளிகிறது. கதவு கொஞ்சம் இறுக்கமாகிறது. யாரோ தோளால் இடித்து மூடுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்குள்தான் பிரேக்கர் தள்ளுவண்டிபோல் உள்ளே போய்த் தன் முனைகளை நேர்கோட்டில் பொருத்திக்கொள்ள வேண்டும். சட்டம் நெளிந்தால் முனை முழுதாகப் பதியாது. பதியாத இடத்தில் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். மின்சாரம் பாயும்போது கதவைத் திறக்கவிடாத பாதுகாப்புப் பூட்டும் அதே நெளிவால் கெட்டுப்போகலாம். இரண்டு வருடம் கழித்து அறையில் கருகல் வாசம் வரும்போது, அந்தக் குட்டைப் பட்டையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? இதற்காகத்தான் கொக்கிக்கும் அலமாரிக்கும் இடையில் ஒரு நீளச் சட்டத்தைத் தொங்கவிட்டு, பட்டைகள் செங்குத்தாக இறங்கும்படி செய்கிறார்கள். தயாரிப்பாளர் குறித்த தூக்கு வளையங்களில் மட்டும் கட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

சாயும் ஆபத்தை மறக்கக்கூடாது. அலமாரி ஒல்லியானது. அகலம் 60 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், வெறும் 14 பாகை சாய்ந்தாலே அது தானாகவே விழத் தொடங்கும். சாயும் 800 கிலோவைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. 'பிடி, பிடி' என்று கத்துவதுதான் நம் வழக்கம். 'விலகு' என்று கத்தப் பழக வேண்டும். பெட்டி போகட்டும்.

பெட்டியின் மேல் இருக்கும் படக்குறிகளைப் பற்றி ஒரு சொல். ஒயின் கிண்ணம் என்றால் உடையும் பொருள். குடை என்றால் நனையக் கூடாது. இரண்டு மேல்நோக்கிய அம்புகள் என்றால் இந்தப் பக்கம்தான் மேலே. சங்கிலி இருந்தால் இங்கே கட்டித் தூக்கு. வட்டமும் குறுக்குக்கோடும் இருந்தால் ஈர்ப்பு மையம் இங்கே. இவை ஐ.எஸ்.ஓ. 780 என்ற அனைத்துலகத் தரத்தில் வருபவை. ஜெர்மன் தெரியாதவரும் ஆங்கிலம் தெரியாதவரும் படிக்கலாம் என்பதற்காகவே படமாக வைத்தார்கள். நம் நாட்டுக் கட்டுமான இடங்களில் நேப்பாளி, வங்காளதேசி, இந்தோனேசியர், நம்மவர் என்று பல மொழிக்காரர்கள் ஒன்றாக வேலை செய்கிறார்கள். இந்தக் குறிகள் எல்லாருக்கும் பொதுவான எழுத்து. பள்ளியில் சாலைக் குறியீடுகள் சொல்லித் தருவதுபோல் இதையும் ஒரு பாடவேளையில் சொல்லித் தந்துவிடலாம்.

அடுத்து வாயு. தொட்டியில் ஓர் அழுத்தமானி இருக்கும், பச்சைப் பகுதியும் சிவப்புப் பகுதியும் போட்டு. முள் பச்சையில் இருக்கிறது, சரி என்று போய்விடலாமா? 20 பாகையில் அந்தத் தொட்டியின் தனி அழுத்தம் 1.4 பார் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கெடா வெயிலில் நாளெல்லாம் நின்ற லோரிக்குள் 45 பாகை. கன அளவு மாறாத தொட்டியில் அழுத்தம் கெல்வின் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறும். 318-ஐ 293-ஆல் வகுத்தால் 1.085. அதாவது எட்டரை விழுக்காடு ஏற்றம். வாயுவில் எட்டு விழுக்காடு வழியிலேயே கசிந்து போயிருந்தாலும், அந்த நண்பகலில் முள் 1.4-ஐத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். வெப்பத்துக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொள்ளும் அழுத்தமானிகளும் உண்டு, எல்லாம் அப்படி இல்லை. ஆகவே அழுத்தத்தை எழுதும்போது பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுத வேண்டும். மறுநாள் காலை, நிழலில் ஆறிய பிறகு, மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். வாயு விதி பரீட்சைக்கு மட்டும் உரியது என்று நினைக்கிற மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அந்த வாயு கசிந்தால் என்ன? சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு நிறமில்லாதது, மணமில்லாதது, புதிதாக இருக்கும்போது நச்சும் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் அதைத் தயாரித்துக் காட்டியவர்களில் ஒருவர், பின்னர் 1906-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு வேதியியலர் ஆன்றி முவாசான். மூலக்கூற்று நிறை 146. காற்றுக்குச் சராசரி 29. ஐந்து மடங்கு கனம். ஆகவே அது மேலே போகாது, தண்ணீர்போல் இறங்கிக் கேபிள் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் குனிந்து வேலை செய்பவருக்கு மூச்சுக்காற்று இருக்காது. எந்த மணமும் எச்சரிக்காது.

காலநிலைக் கணக்கு இன்னும் மோசம். ஒரு நூற்றாண்டை அளவாகக் கொண்டால், இந்த வாயு கரியமில வாயுவைப்போல் சுமார் 24,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 1997-ஆம் ஆண்டின் கியோட்டோ நெறிமுறையிலேயே இதன் பெயர் இருக்கிறது. ஒரு தொட்டியில் 3 கிலோ இருந்து, அது விழுந்து உடைந்து எல்லாம் போய்விட்டால், சுமார் 72 டன் கரியமில வாயுவை வெளியே விட்டதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்பதை வைத்துப் பார்த்தால், இது 31,000 லிட்டர் பெட்ரோல். பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று பள்ளியில் உறுதிமொழி எடுக்கிறோம், நல்லதுதான். ஒரு ஃபோர்க்லிஃப்ட் கம்பு தொட்டியில் குத்தாமல் பார்த்துக்கொள்பவரும் சுற்றுச்சூழல் காவலர்தான் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஐரோப்பிய ஒன்றியம் 24 கிலோவோல்ட் வரையுள்ள புதிய சுவிட்ச் சாதனங்களில் இத்தகைய வாயுக்களுக்கு, சில விதிவிலக்குகளோடு, 2026 ஜனவரி 1 முதல் தடை விதித்திருக்கிறது. நம் பக்கம் பழைய வகை இன்னும் பல ஆண்டுகள் இருக்கும், அதைத் தூக்குவோரும் இருப்பார்கள்.

கடைசியாக ஈரம். நம் வெப்பநாட்டில் இதுதான் மிகப் பெரிய திருடன், ஆனால் யாரும் அதைத் திருடனாகப் பார்ப்பதில்லை. கடையில் தே ஐஸ் வாங்கி மேசையில் வைத்தால் கண்ணாடி வியர்க்கிறது. கெடாவின் ஒரு சாதாரண நாளில், வெப்பம் 32 பாகை, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், 28 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளும் வியர்க்கும். குளிர்ந்த இரவு முழுவதும் ஜெராய் மலையடிவாரக் காற்றில் நின்ற இரும்பு, காலையில் சூடும் ஈரமுமான காற்று பட்டதும் அப்படித்தான் ஆகிறது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை வேறு. அலமாரியைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாகச் சுற்றி வெளியில் வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் இரவுதோறும் உள்ளேயே சொட்டுகிறது.

உலர்ந்த காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தாங்கும். அந்தக் கணக்கை நம்பித்தான், தாராளமாக இடைவெளி விட்டு, சாதனத்தை வடிவமைக்கிறார்கள். ஆனால் மின்காப்பியின் மேல் சிமெண்டுத் தூசி படிந்து, அந்தத் தூசி ஈரத்தில் ஊறினால், காற்றைத் தாண்ட வேண்டிய அவசியமே மின்சாரத்துக்கு இல்லை. பரப்பின் மேல் ஊர்ந்து போய்விடும். அதனால்தான் கூரை போடாத, பூச்சு முடியாத அறைக்குள் சாதனத்தைக் கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். கட்டடம் முடியவில்லை, பொருள் வந்துவிட்டது என்றால், காய்ந்த மூடிய கிடங்கில், தரையிலிருந்து உயர்த்தி வைத்து, உள்ளே பொருத்தியிருக்கும் சிறிய சூடேற்றிக்குத் தற்காலிக மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். இணைப்புக் கொடுக்கும் முன் சூடேற்றியின் பக்கத்தில் இருக்கும் அட்டையையும் நுரைப்பஞ்சையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தீ. கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைக்க வேண்டும். பல்லிக்கும் எலிக்கும் எறும்புக்கும் வெதுவெதுப்பான இருட்டுப் பெட்டி மிகவும் பிடிக்கும். பல்லி மேலே விழுந்தால் பலன் பார்க்கும் நம்மவர்கள், சுவிட்ச் அலமாரிக்குள் விழுந்த பல்லிக்கும் பலன் எழுதி வைத்திருக்கலாம்.

இதற்கெல்லாம் சொல்லப்படும் மறுப்பு எனக்குத் தெரியும். 'மின்சாரம் கொடுக்கும் முன் எப்படியும் சோதனை செய்வார்களே, அதில் தெரிந்துவிடுமே' என்பார்கள். உண்மைதான், சோதனைகள் வலுவானவை. மின்காப்புத் தடையை அளப்பார்கள், உயர் மின்னழுத்தம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள், வெற்றிடக் குப்பி நல்லதா என்பதும் அந்தச் சோதனையில்தான் தெரியும். ஆனால் அந்தச் சோதனை வருவது பெட்டி வந்து ஆறு மாதம் கழித்து. அப்போது பழுது தெரிந்தால் சாட்சி போய்விட்டது, லோரி போய்விட்டது, மாற்றுச் சாதனம் வர இன்னும் பல மாதம். அதுவரை ஒரு மருத்துவமனைக் கட்டடமோ ஒரு தொழிற்சாலையோ காத்திருக்குமா? 'பரவாயில்லை, ஓட்டிவிடலாம்' என்ற நெருக்கடி பிறப்பது அங்கேதான். மயிரிழை வெடிப்பு முதல் நாள் சோதனையில் தப்பித்து, பிறகு மாதக்கணக்கில் மெல்ல வளரவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியை இறக்கும்போது அடியில் நிற்பவரை எந்தச் சோதனையும் காப்பாற்றாது.

'நேரம் இல்லை, கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை' என்ற இன்னொரு மறுப்புக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அரை மணி நேர வாடகையையும் ஓர் அலமாரியின் விலையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும்.

ஆக, நான் கேட்பது இரண்டு. முதலாவது, பொருளைப் பெறுகிறவருக்கு அதிகாரம். மின் இணைப்பு வேலைக்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டத்தின்கீழ் வயர்மேன், சார்ஜ்மேன் என்று தகுதிச் சான்று பெற்றவர்தான் அதைத் தொட முடியும். சுருஹான்ஜாயா தெனாகா அந்தச் சான்றைத் தருகிறது. அந்த ஏணியின் முதல் படிக்கு முன்னால் நிற்கும் ஸ்டோர்காரருக்கு மட்டும் ஒரு நாள் பயிற்சிகூட வேண்டாமா? உயர் மின்னழுத்தச் சாதனம் வந்து இறங்கும் நாளில் ஒரு சார்ஜ்மேனோ பொறியியலாளரோ அங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் விதி வைக்க வேண்டும். முடியாவிட்டால், 'பார்க்காமல் கையெழுத்து இல்லை' என்று ஸ்டோர்காரர் சொன்னால் அவர் பக்கம் முதலாளி நிற்க வேண்டும். ஆபத்தைக் கண்டு விலகுவது இன்று நம் நாட்டில் உரிமையும்கூட. 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவு, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகலாம் என்கிறது. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அறுந்துபோகும் பட்டையின் கீழ் நிற்க மறுப்பவருக்கு இனி 'சோம்பேறி' என்ற பட்டம் பொருந்தாது.

இரண்டாவது, பள்ளிகளிடம் கேட்பது. தோட்டத்து லயங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் விளக்கு எரிந்த காலத்தை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தத் தோட்டங்களிலிருந்து வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பீடோங்கில் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள், சுங்கைப்பட்டாணித் தொழிற்கல்லூரியிலும் படிக்கிறார்கள், ஃபோர்க்லிஃப்டும் ஓட்டுகிறார்கள், ஸ்டோரிலும் நிற்கிறார்கள். முதல் இருவருக்கும் அறிவியல் தேவை, அடுத்த இருவருக்கும் உடம்பு வலிமை போதும் என்ற எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது. மேலே போட்ட ஒவ்வொரு கணக்கும் அந்த அடுத்த இருவரின் வேலையிலிருந்து எடுத்ததுதான். அறிவியல் சுற்றுலா என்றால் மாணவர்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போய் விளக்குகள் மின்னும் பலகையைக் காட்டுகிறார்கள். ஒரு முறை கிடங்குக்கும் அழைத்துப் போங்கள், ஆசிரியர்களே. ஒரு பெட்டியின் நான்கு பக்கமும் சுற்றி வரச் சொல்லுங்கள். குறிகளைப் படிக்கச் சொல்லுங்கள், வில்லையின் நிறத்தை எழுதச் சொல்லுங்கள், பட்டையின் கோணத்தை அளந்து இழுவிசையைக் கணக்கிடச் சொல்லுங்கள். வெப்பமானி ஒன்றையும் கொடுங்கள், அழுத்தமானியின் பக்கத்தில் அந்த எண்ணையும் அவர்கள் எழுத வேண்டும்.